கெடுபிடி அரசின் கீழ் செய்தி சேகரிக்கும் நிருபருக்கு: எதை முதலில், எதை அப்புறம்

இளம் நிருபர்களுக்குப் பயிற்சி கொடுக்க உட்காரும்போதெல்லாம் வரும் முதல் கேள்வி, "எந்த ஆப் பாதுகாப்பானது?" என்பதுதான். அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. சிக்னல் என்ற மெசேஜ் ஆப்பை இறக்கி, எல்லா செட்டிங்கையும் சரியாக வைத்துவிட்டு, சோர்ஸின் (ரகசியமாகத் தகவல் தருபவரின்) அலுவலக மின்னஞ்சலுக்கு "சிக்னலில் பேசலாமா?" என்று எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்த ஒரு வரிக்குப் பிறகு அவர் செய்த எந்த ஏற்பாட்டுக்கும் பயனில்லை. புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த வரிசையில்தான். அதனால் இந்த வழிகாட்டியை அதே வரிசையில் செய்துகொண்டு வாருங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: தாளும் பேனாவும், டெஸ்க்கில் (அலுவலகச் செய்திப் பிரிவில்) நம்பகமான ஒருவர், நள்ளிரவிலும் போனை எடுக்கும் ஒரு வழக்கறிஞர், காலியான இரண்டாவது போன், குறைந்தது பத்து நாள் அவகாசம். அவகாசம் குறைந்தால் ஏழாவது படியைச் சுருக்கிக்கொள்ளலாம். இரண்டாவதையும் நான்காவதையும் சுருக்கக் கூடாது.

1. யாருக்குக் கோபம் வரும் என்று எழுதுங்கள்

போனில் வேண்டாம், தாளில் எழுதுங்கள். நான்கு கேள்விகள் போதும். இந்தச் செய்தி வந்தால் யாருக்குக் கோபம் வரும்? அவர்கள் கையில் என்னென்ன இருக்கிறது? அந்தக் கோபம் முதலில் யார் மேல் விழும்? அவர் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்: வேலை போகுமா, சிறையா, உயிருக்கே ஆபத்தா?

இரண்டாவது கேள்விக்கு "அரசு" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். அது பதிலே இல்லை. வட்டார அரசியல்வாதியிடம் உளவு மென்பொருள் இருக்காது. காவல் நிலையமும் நாலு அடியாட்களும் இருப்பார்கள். உளவுத்துறையிடம் இரண்டும் இருக்கும். யார் யாரை எப்போது அழைத்தார்கள், எந்த டவருக்குக் கீழ் இருந்தார்கள் என்ற பதிவு தொலைபேசி நிறுவனத்திடம் கிடக்கிறது. அதை வாங்க ஹேக்கர் தேவையில்லை, ஒரு கடிதம் போதும்.

நீதிமன்றத்தையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். மால்ட்டாவின் பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிசியா 2017 அக்டோபர் 16 அன்று கார் குண்டில் கொல்லப்பட்டபோது, அவர் மேல் 40க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. வழக்கு, மிரட்டல், வன்முறை மூன்றும் ஒருவர் மேலேயே வரலாம். மூன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு வேண்டும்.

மூன்றாவது கேள்விக்குப் புதியவர்கள் தங்கள் பெயரையே எழுதுவார்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது, உங்களைப் பிடித்தால் கண்டன அறிக்கை வரும். ஆவணத்தைக் கொடுத்த குமாஸ்தாவுக்கு அதெல்லாம் கிடையாது. அடி பெரும்பாலும் அவர் மேல்தான் விழும்.

எழுதியதை டெஸ்க்கில் இருக்கும் அந்த ஒருவரிடம் மட்டும் காட்டிவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

2. கருவிக்கு முன் ஆட்களை ஏற்பாடு செய்யுங்கள்

வழக்கறிஞரிடம் இப்போதே போய்ப் பேசி, உங்களுக்காக ஆஜராகத் தேவையான காகிதங்களில் கையெழுத்துப் போட்டு வையுங்கள். பிடிபட்ட முதல் சில மணி நேரத்தில்தான் மிரட்டல் அதிகம். வழக்கறிஞரைத் தேடுவதிலேயே அந்த நேரம் போய்விடக் கூடாது. அவர் எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். ஒரு பயிற்சியில் எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிட்டு, "இப்போது வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்" என்றேன். ஒருவருக்கும் எண் தெரியவில்லை. மனப்பாடம் நிற்காது என்றால், கிளம்பும் அன்று அழியாத மையில் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, குறித்த நேரத்தில் தகவல் சொல்லும் ஏற்பாடு. "மாலை 6 மணிக்கு மெசேஜ் போடுகிறேன்" என்பது ஏற்பாடு ஆகாது. மெசேஜ் வராவிட்டால் 6.30க்கு யார் கூப்பிடுவது, 7.30க்கு வழக்கறிஞருக்கு யார் சொல்வது, வெளியே அறிவிக்கும் முடிவை எடுப்பது யார்? இதெல்லாம் பெயரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டெஸ்க்கில் இருப்பவர், "சார்ஜ் தீர்ந்திருக்கும்" என்று ராத்திரி முழுக்கத் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பார்.

சவூதி பத்திரிகையாளர் ஜமால் கஷோகி 2018 அக்டோபர் 2 அன்று இஸ்தான்புல்லில் இருந்த சவூதி துணைத் தூதரகத்துக்குள் போகும் முன், தன் போன்களை வருங்கால மனைவியிடம் கொடுத்துவிட்டு, தான் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார். உயிர் தப்பவில்லை. ஆனால் வாசலில் அந்தப் பெண் காத்து நின்றதால்தான், "அவர் எப்போதோ வெளியே போய்விட்டார்" என்று சவூதி தரப்பு முதலில் சொன்ன கதை எடுபடவில்லை.

பக்கத்தில் போலீஸ் உட்கார்ந்திருக்கும்போது பேச ஒரு சொல்லும் முடிவு செய்துகொள்ளுங்கள். இயல்பாக வாயில் வரும் சொல்லாக இருக்கட்டும். வீட்டாருக்குச் செய்தியின் விவரம் வேண்டாம். யாராவது கதவைத் தட்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். தெரியாததை அவர்களிடமிருந்து யாராலும் கறக்க முடியாது.

கடைசியாக ஒன்று: நீங்கள் கைதானால் ஊரறியச் சொல்ல வேண்டுமா, சில நாள் அமைதியாகப் பேசிப் பார்க்க வேண்டுமா? இது நாட்டுக்கு நாடு மாறும். வெளியே இருக்கும்போதே நீங்கள் முடிவு செய்து டெஸ்க்கிடம் சொல்லிவிடுங்கள். பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு, எல்லைகளற்ற நிருபர்கள் போன்ற அமைப்புகளின் தொடர்பு விவரமும் அவர்களிடம் இருக்கட்டும்.

3. போனைத் தயார் செய்யுங்கள்

இரண்டாவது போனில் இந்த வேலைக்குத் தேவையானதைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. இதில் வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. முதலாவது, பழைய போனிலேயே புது சிம் போடுவது. சிம் மாறினாலும் போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ மாறாது. இரண்டாவது, இரண்டு போன்களையும் ஆன் செய்து ஒன்றாக எடுத்துப் போவது. ஒரே நேரத்தில் ஒரே டவர்களைத் தாண்டிப் போகும் இரண்டு எண்கள் ஒரே ஆளுடையவை என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது.

கைரேகையையும் முகத்தையும் காட்டித் திறக்கும் வசதியை நிறுத்திவிட்டு, நீளமான கடவுச்சொல் வையுங்கள். விரலைப் பிடித்து வைத்து அழுத்திவிட முடியும். சோதனைச் சாவடி வரும் முன் போனை முழுவதும் அணைத்துவிடுங்கள். அணைத்து ஆன் செய்த போனில், முதல் முறை கடவுச்சொல் போடும் வரை தரவின் பெரும்பகுதி பூட்டியே இருக்கும். திரை மட்டும் பூட்டிய போன் அவ்வளவு உறுதியானதில்லை. ஆனாலும் இதை ஒரு தாமதம் என்று மட்டும் நினையுங்கள். ஏன் என்பது எட்டாவது படியில் வரும்.

"சந்தேகமான லிங்க்கைத் தொடாதே" என்ற பழைய அறிவுரை இன்றும் சரிதான். ஆனால் போதாது. பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் நீங்கள் எதையும் தொடாமலே போனுக்குள் இறங்கக்கூடியது. 2021இல் வெளியான பெகாசஸ் புலனாய்வு, 50,000க்கும் மேற்பட்ட எண்கள் அடங்கிய ஒரு பட்டியலில் தொடங்கியது. அதில் பத்திரிகையாளர்களின் எண்களும் இருந்தன. செய்யக்கூடியது இதுதான்: அப்டேட்டை உடனுக்குடன் போடுங்கள், ஐபோன் என்றால் லாக்டவுன் மோடை (இத்தகைய தாக்குதலுக்கு எதிரான கூடுதல் பாதுகாப்பு வசதியை) ஆன் செய்யுங்கள், தேவையில்லாத ஆப்களை எடுத்துவிடுங்கள். சில தாக்குதல்கள் ரீஸ்டார்ட் செய்தாலே போய்விடும், ஆனால் திரும்ப வரலாம். எந்த உரையாடல் ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்டதோ, அதை எந்தப் போனிலும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பேக்கப்பை மறந்துவிடுவார்கள். வாட்ஸ்அப் உரையாடலுக்குக் குறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது) உண்டு. கிளவுட் பேக்கப்புக்கு அதை நீங்களாகப் போய் ஆன் செய்ய வேண்டும். தொடர்புப் பட்டியலும் அப்படித்தான். ஒரு பயிற்சி நிருபர் மிகக் கவனமாகத் தனிப் போன் வாங்கி, அதில் ஓர் எண்ணை "சோர்ஸ் துறைமுகம்" என்று சேமித்திருந்தார். அவருடைய பழைய மின்னஞ்சல் கணக்கு அந்தப் போனில் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பெயர் வீட்டில் அவருடைய தம்பி விளையாடும் டேப்லெட்டிலும் வந்து உட்கார்ந்திருந்தது.

4. முதல் தொடர்பு

இந்த முழு வேலையிலும் ஆபத்தான தருணம் இதுதான். சந்திப்பில் ஜாக்கிரதையாக இருப்பவர்கள்கூட முதல் "ஹலோ"வை எங்கிருந்தோ போட்டுவிடுகிறார்கள்.

ரியாலிட்டி வின்னர் என்ற அமெரிக்கப் பெண்ணின் வழக்கைப் பாருங்கள். 2017இல் அமெரிக்க ரகசிய ஆவணம் ஒன்று ஒரு செய்தி நிறுவனத்துக்குப் போனது. அந்த ஆவணத்தை அச்செடுத்தவர்கள் ஆறு பேர் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த ஆறு பேரில் ஒருவரான வின்னரின் அலுவலகக் கணினியிலிருந்து அந்தச் செய்தி நிறுவனத்துடன் மின்னஞ்சல் போக்குவரத்து இருந்தது. அந்த மின்னஞ்சலுக்கும் ஆவணத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஆறு ஒன்றாகச் சுருங்கிவிட்டது. 2018இல் அவருக்கு 5 வருடம் 3 மாதம் சிறைத் தண்டனை.

ஆகவே சோர்ஸின் அலுவலகப் போன், அலுவலக மின்னஞ்சல், அலுவலக வைஃபை மூன்றையும் தொடாதீர்கள். சமூக வலைத்தளத்தில் புதிதாக நட்பு அழைப்பு கொடுப்பதும் வேண்டாம். நேரில் இயல்பாகச் சந்திக்க வாய்ப்பு இருந்தால், முதல் பேச்சை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துப் பேசும் வழியை அப்போதே முடிவு செய்துவிடலாம்.

சரி, இப்போது ஆப் கேள்விக்கு வருவோம். பெரும்பாலான இடங்களில் சிக்னல் நல்ல தேர்வு. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்றுக்கு அந்த நிறுவனத்தால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரங்கள்தான்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். 2024 முதல் போன் எண்ணைக் காட்டாமல் பயனர் பெயரிலேயே பேசலாம். மெசேஜ் தானாக மறையும் வசதியை முதல் மெசேஜுக்கு முன்பே ஆன் செய்துவிடுங்கள். பிறகு ஆன் செய்தால் பழையது அப்படியே கிடக்கும்.

ஆனால் போனைப் பிடுங்கித் திறந்துவிட்டால், மறையாமல் இருக்கும் எல்லாமே படிக்கக் கிடைக்கும். சில நாடுகளில் அந்த ஆப் போனில் இருப்பதே ஒரு கேள்வியைக் கிளப்பும். உங்கள் சோர்ஸ் வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் ஏதோ ஒரு சாதாரண ஆப்பில் பேசுகிறார்கள் என்றால், அவர் போனில் மட்டும் சிக்னல் இருப்பது அவருக்கு நல்லதா என்று அவரிடமே கேளுங்கள். அவர் இடம் அவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்: "உங்கள் பெயரை நான் சொல்ல மாட்டேன். ஆனால் கண்டுபிடிக்கவே முடியாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது." சிலர் அதைக் கேட்டுப் பின்வாங்குவார்கள். பின்வாங்கட்டும்.

5. சந்திப்பு

இருவர் போனும் ஒரே இடத்தில் இருந்தால், நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதே தேவையில்லை. அதற்காகப் பலர் சந்திப்பு இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் போனை அணைப்பார்கள். ஒரே தெருவில், ஒரே ஐந்து நிமிடத்தில் அணைந்துபோன இரண்டு போன்களும் ஒரு தடயம்தான். போனை ஆன் செய்தபடியே வீட்டிலோ அலுவலகத்திலோ விட்டுவிட்டு வாருங்கள். சோர்ஸையும் அப்படியே வரச் சொல்லுங்கள்.

முன்பின் தெரியாத அதிகாரி தானாக அழைத்து ஆவணம் தருகிறேன் என்றால் நில்லுங்கள். மியான்மரில் ரோஹிங்கியா படுகொலை ஒன்றை விசாரித்துக்கொண்டிருந்த ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், க்யாவ் சோ ஊ இருவரையும் 2017 டிசம்பர் 12 அன்று யாங்கோனில் ஒரு உணவகத்துக்குப் போலீஸ்காரர்கள் வரவழைத்தார்கள். சுருட்டிய காகிதங்களைக் கையில் கொடுத்தார்கள். வெளியே வந்த உடனே கைது. அது திட்டமிட்ட பொறி என்று ஒரு போலீஸ் அதிகாரியே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். சிறைக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். நிருபர்களுக்கு 7 வருடத் தண்டனை. 2019 மே மாதம் பொதுமன்னிப்பில் வெளியே வருவதற்குள் 500 நாட்களுக்கு மேல் ஓடிவிட்டது.

காகிதத்தை அங்கேயே படியுங்கள், தேவையானதை நினைவில் வாங்குங்கள், கையில் எடுத்துக்கொண்டு வெளியே வராதீர்கள். "வேறு வழியில் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. உண்மையான சோர்ஸ் அதைப் புரிந்துகொள்வார். எடுத்தே தீர வேண்டும் என்று அவசரப்படுத்துபவர் மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

6. ஆவணத்தைக் கையாளுதல்

மூலத்தை அப்படியே வெளியிடாதீர்கள். பல கலர் லேசர் பிரிண்டர்கள், அச்செடுத்த தேதி, நேரம், இயந்திரத்தின் வரிசை எண் ஆகியவற்றைக் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளாகக் காகிதத்தில் பதித்துவிடும். ஸ்கேன் செய்தால் அவையும் கூடவே வரும். மடிப்பு, கறை, ஓரக் குறிப்பு எல்லாம் அப்படித்தான். வின்னர் வழக்கில், சரிபார்ப்பதற்காக அந்தச் செய்தி நிறுவனமே ஆவண நகலை அரசிடம் காட்டியது. அதிலிருந்த மடிப்புத் தடத்தைப் பார்த்துத்தான், இது அச்செடுத்து வெளியே கொண்டுபோன பிரதி என்று முடிவு கட்டினார்கள். சரிபார்க்க வேண்டுமா? உள்ளடக்கத்தைக் கேள்வியாகக் கேளுங்கள். தாளைக் காட்டாதீர்கள்.

"இது எத்தனை பேருக்குப் போனது?" என்று சோர்ஸிடம் கேளுங்கள். முந்நூறு பேருக்குப் போன சுற்றறிக்கை என்றால் வரிகளை மேற்கோள் காட்டலாம். மூன்று பேருக்கு என்றால் ஒரு வரியைக்கூட அப்படியே எடுக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு சொல்லை மாற்றி அனுப்பி வைத்திருப்பது பழைய தந்திரம்.

படத்தில் ஒளிந்திருக்கும் விவரமும் உண்டு. 2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்த, மெக்காஃபி ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபியுடன் எடுத்த படத்தை ஒரு பத்திரிகை இணையத்தில் போட்டது. படத்துக்குள் இருந்த இடக்குறிப்பு, அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. மெசேஜில் படமாக அனுப்பினால் பல ஆப்கள் இந்த விவரத்தை நீக்கிவிடும். தெளிவு குறையக் கூடாது என்று அதையே ஃபைலாக அனுப்பினால் விவரமும் சேர்ந்தே போகும். நீக்கிவிட்டோம் என்று நம்பாமல், வெளியிடும் முன் திறந்து பாருங்கள்.

7. களத்தில்

போராட்டக் களம் என்றால் வெளியேறும் வழி இரண்டையாவது பார்த்து வைத்துவிட்டு நில்லுங்கள். 'பிரஸ்' என்று எழுதிய சட்டை சில இடத்தில் கவசம், சில இடத்தில் குறி. அந்த வாரம் அங்கே போய் வந்தவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கண்ணீர்ப்புகை வரும் இடத்துக்குக் கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் போக வேண்டாம். எடுத்த படங்களை அவ்வப்போது அனுப்பிவிட்டு, கேமராவில் காலி கார்டைப் போடுங்கள். பொதுமக்கள் முகத்தை நெருக்கத்தில் எடுக்காதீர்கள். உங்கள் படத்தை வைத்தே நாளை ஆள் பிடிப்பார்கள்.

8. பிடிபட்டால்

பெயர், நிறுவனம், வழக்கறிஞர் பெயர். மற்றதற்கு, "வழக்கறிஞர் வந்ததும் பேசுகிறேன்." பொய் சொல்லாதீர்கள். பொய்யைத் தனிக் குற்றமாக்கலாம், மௌனத்தை அவ்வளவு சுலபத்தில் ஆக்க முடியாது. படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முறையான விசாரணையில் வாயைத் திறக்காதவர்கள்கூட, "சும்மா பேசிக்கொண்டிருக்கலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் அதிகாரியிடம் உளறிவிடுகிறார்கள்.

போனை வாங்கித் திருப்பிக் கொடுத்தார்களா? அது இனி உங்கள் போன் இல்லை. செர்பியாவில் 2024 பிப்ரவரியில் ஸ்லாவிஷா மிலானோவ் என்ற பத்திரிகையாளரைச் சாலைச் சோதனை என்ற பெயரில் நிறுத்திக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர் போனை அணைத்துக் கொடுத்தார், கடவுச்சொல்லையும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது செட்டிங் ஏதோ மாறியிருப்பதைக் கவனித்தார். மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டியின் ஆய்வகம் பரிசோதித்ததில், செலிபிரைட் கருவியால் போனைத் திறந்து, நோவிஸ்பை என்ற உளவு மென்பொருளை ஏற்றியிருந்தது தெரிந்தது.

மிலானோவ் அந்தப் போனை ஆய்வுக்குக் கொடுத்ததால்தான் இது வெளியே வந்தது. நீங்களும் அதையே செய்யுங்கள்: பயன்படுத்தாதீர்கள், சந்தேகத்தில் ரீசெட்டும் செய்துவிடாதீர்கள். ரீசெட் செய்தால் ஆதாரம் அழிந்துவிடும். அம்னெஸ்டியின் பாதுகாப்பு ஆய்வகம், டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் போன்ற இடங்கள் இதைப் பரிசோதிக்கின்றன. வெளியே வந்த அன்றே, எத்தனை மணிக்கு எந்த அறையில் யார் என்ன கேட்டார்கள் என்று எழுதி வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

9. வெளியிடுதல்

எதிர்த்தரப்பிடம் பதில் கேட்க வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் பதில் கேட்கும் கடிதம் போன நிமிடத்திலிருந்து அவர்கள் உஷார். அதனால் அதற்கு முன்பே ஆவணங்களின் பிரதி நாட்டுக்கு வெளியே போயிருக்க வேண்டும், சோர்ஸுக்கும் தேதி தெரிந்திருக்க வேண்டும். வேறு நாட்டு ஊடகங்களோடு சேர்ந்து ஒரே நாளில் வெளியிட முடிந்தால் செய்யுங்கள். உங்களை அடக்கினால் செய்தி அடங்கிவிடும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்கக் கூடாது. கொல்லப்பட்ட, மிரட்டப்பட்ட நிருபர்களின் வேலையைத் தொடர்வதற்கென்றே ஃபர்பிடன் ஸ்டோரீஸ் என்ற அமைப்பு இயங்குகிறது. டாஃப்னியின் விசாரணையை அப்படித்தான் பல நாட்டு ஊடகங்கள் முன்னெடுத்தன.

பழைய செய்தியில் கை வைக்கும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். பிலிப்பைன்ஸில் பத்திரிகையாளர் மரியா ரெஸ்ஸாவின் செய்தி இணையதளம் 2012 மே மாதம் ஒரு செய்தியை வெளியிட்டது. இணைய அவதூறுச் சட்டம் அதற்கு அப்புறம்தான் வந்தது. 2014இல் அந்தச் செய்தியில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தமே மறுவெளியீடு என்று வாதம் வைத்து, 2020 ஜூனில் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள்.

10. வெளியான பிறகு

கோபம் சூடாக இருக்கும் முதல் சில வாரங்களில் வழக்கமான பாதை, வழக்கமான நேரம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வெளிநாடு போனால் விமானம் எந்த நாட்டின் வான்வெளி வழியாகப் போகிறது என்றும் பாருங்கள். 2021 மே 23 அன்று ஏதென்ஸிலிருந்து வில்னியஸுக்குப் போய்க்கொண்டிருந்த விமானத்தை மின்ஸ்க்கில் இறங்க வைத்துத்தான் பெலாரஸ் அரசு பத்திரிகையாளர் ரோமன் புரோட்டசேவிச்சைக் கைது செய்தது.

சோர்ஸுக்கு நன்றி சொல்லிப் போன் செய்யாதீர்கள். இத்தனை படிகளையும் சரியாகத் தாண்டியவர்கள் விழும் இடம் இது. செய்தி வந்த மறுநாள் காலை உங்கள் எண்ணிலிருந்து போகும் அழைப்பைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். "அவர் நலமாக இருக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று ஒருமுறை ஒரு பெண் நிருபர் கேட்டார். அதற்கான ஏற்பாட்டைக் கடைசிச் சந்திப்பிலேயே செய்திருக்க வேண்டும். அடுத்த வேலையில் அவர் செய்தார். செய்தி வந்து பதினோராம் நாள், சோர்ஸின் பக்கத்தில் முகப்புப் படம் மாறி ஒரு பூச்செடி வந்திருந்தது. அந்த நிருபர் லைக் கூடப் போடவில்லை.